மறுமுனையில் நிற்கிறவன்

2011 மார்ச் 30, மொகாலி. உலகக் கோப்பை அரையிறுதி. இந்தியாவும் பாகிஸ்தானும். இரண்டு நாட்டுப் பிரதமர்களும் வந்து உட்கார்ந்து பார்த்தார்கள். ஏப்ரல் 2, மும்பை வான்கடே மைதானம். தோனி அடித்த சிக்சரில் கோப்பை கைக்கு வந்தது. ஏப்ரல் 5, தில்லி ஜந்தர் மந்தர். லோக்பால் சட்டம் கேட்டு அண்ணா ஹசாரே உண்ணாவிரதம். எல்லாம் ஒரே வாரம். அதே மூவர்ணக் கொடி, அதே 'வந்தே மாதரம்'. டிவியில ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் வித்தியாசமே தெரியல. பாகிஸ்தானை ஜெயிச்சாச்சு, இலங்கையை ஜெயிச்சாச்சு, அடுத்தது ஊழலை ஜெயிக்கப் போறோம் என்கிற மாதிரி இருந்தது.

இந்த 'போறோம்' என்பதற்குள் இருக்கிற 'நாம்' யார்? அதைத்தான் பேச வேண்டியிருக்கிறது.

ஒன்றை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். தோனி அடிச்ச அந்த சிக்சருக்கு நானும்தான் கத்தினேன். கிரிக்கெட்டை மேட்டுக்குடி விளையாட்டு என்று ஒதுக்கிவிட்டுப் போகிறவன் இல்லை நான். ஏரி காய்ந்தால் ஏரிக்குள்ளேதான் எங்கள் மைதானம். ஊர்ப் பையன்கள் சேரிப் பக்கம் வந்து கூப்பிடுவார்கள். "டேய், நீ வேகமாப் போடுவியே, வாடா." உச்சிவெயில் வரைக்கும் பந்து போடணும். மட்டை பிடிக்கிற முறை மட்டும் வரவே வராது. "நீ பவுலர்டா, உனக்கெதுக்கு பேட்டு?" தாகம்னா குடத்தைத் தூக்கி ஊத்துவாங்க. ரெண்டு கையையும் ஏந்திக் குடிக்கணும். அப்போது அது எனக்குத் தப்பாகவே படவில்லை. இப்போது உறுத்துவது அதுதான்.

பல்வாங்கர் பாலுவைப் பற்றிப் படித்தபோது அந்த ஏரிதான் ஞாபகத்துக்கு வந்தது. பாலு சாமர் சாதியில் பிறந்தவர். பூனாவில் வெள்ளைக்காரர்களின் ஜிம்கானாவில் மைதான வேலை பார்த்துக்கொண்டு, துரைகள் ஆடிப் பழகுவதற்காக வலையில் பந்து போட்டுப் போட்டே தேர்ந்தவர். அவருக்கும் மட்டை தரப்படவில்லை. வெள்ளைக்காரனைத் தோற்கடிக்க இந்துக்களின் அணிக்கு அவருடைய சுழல்பந்து தேவைப்பட்டது. அவர் தொட்ட பந்தை எல்லாரும் தொட்டார்கள். பூனாவில் தேநீர் இடைவேளை வந்தால் அவருக்கு மட்டும் வெளியே, தனி மண்குவளையில். 1911இல் இங்கிலாந்துக்குப் போன இந்திய அணியில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்தார். ஆனாலும் இந்துக்களின் அணிக்கு அவரைத் தலைவராக்கவில்லை. 1920இல் தம்பிகள் இருவர் அணியிலிருந்து விலகித் தங்கள் எதிர்ப்பைக் காட்டினார்கள். அதற்குப் பிறகுதான், 1923இல், தம்பி விட்டலுக்குத் தலைமை கிடைத்தது.

பாலுவின் கதை மைதானத்தோடு முடியவில்லை. 1932 செப்டம்பர் 20, எரவாடா சிறை. தீண்டத்தகாதோருக்குத் தனித்தொகுதி கூடாது என்று காந்தி சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கினார். 24ஆம் தேதி பூனா ஒப்பந்தம். 71 தனித்தொகுதி இடங்களுக்குப் பதில் பொதுத்தொகுதியில் 148 இட ஒதுக்கீடு. எண்ணிக்கை கூடியது. நம்முடைய ஆளை நாமே தேர்ந்தெடுக்கிற உரிமை போனது. அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் சென்னை எம்.சி.ராஜா ஒருவர். பாலு இன்னொருவர். 1937 தேர்தலில் பம்பாயில் அம்பேத்கருக்கு எதிராகக் காங்கிரஸ் நிறுத்தியதும் இதே பாலுவைத்தான். அம்பேத்கர் ஜெயித்தார். பாலுவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெள்ளைக்காரனுக்கு எதிராகப் போட வைத்த கையை அம்பேத்கருக்கு எதிராகவும் போட வைத்தார்கள்.

உண்ணாவிரதம் என்றதும் நாடு கையெடுத்துக் கும்பிடுகிறது. நமக்கு எரவாடா ஞாபகம் வருகிறது. காந்தி செத்திருந்தால் முதலில் எந்தத் தெரு எரிந்திருக்கும்? கத்தி எடுக்காத வன்முறையும் உண்டு. 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசியதை இந்த இடத்தில் நினைக்க வேண்டும். அரசியல் சட்ட வழி திறந்திருக்கும்போது சத்தியாகிரகம் போன்ற முறைகளைக் கைவிட வேண்டும் என்றார். அரசியலில் தனிமனித பக்தி சர்வாதிகாரத்துக்குக் கொண்டுபோய் விடும் என்றும் எச்சரித்தார். போராட்டம் வேண்டாம் என்கிற ஆளா அவர்? 1927 மார்ச் 20 அன்று மகாடில் பொதுக்குளத்துத் தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்தவர். அமைதியாகக் குடித்துவிட்டுத் திரும்பிய ஜனங்களைச் சாதி இந்துக்கள் அடித்து நொறுக்கினார்கள். அமைதிப் போராட்டம் எங்கள் நாட்டுப் பெருமை என்கிறவர்களின் பட்டியலில் மகாட் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது?

ஜந்தர் மந்தர் உண்ணாவிரதத்துக்குப் பிறகு சட்ட வரைவுக் குழு அமைந்தது. அமைச்சர்கள் ஐந்து பேர், 'சிவில் சமூகம்' ஐந்து பேர். அந்தப் பத்துப் பேரில் ஒரு தலித் இல்லை. ஒரு பெண்கூட இல்லை. கேட்டால், ஊழலுக்கு ஏதுங்க சாதி என்கிறார்கள். ஏன் இல்லை? 2010இல் தில்லியில் காமன்வெல்த் விளையாட்டு நடந்தது. பட்டியல் சாதியினருக்கான சிறப்பு உட்கூறுத் திட்டப் பணத்தில் 600 கோடி ரூபாய்க்கு மேல் அந்த வேலைகளுக்குத் திருப்பிவிட்டார்கள். அரசே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்ட விஷயம் இது. சேரிப் பிள்ளையின் படிப்புக்கும் வீட்டுக்கும் போக வேண்டிய பணம் மைதானத்துக்குப் போனது. காமன்வெல்த் ஊழல் என்று ஊரெல்லாம் பேசியது. ஜந்தர் மந்தர் மேடையின் கோரிக்கையில் இந்தப் பணம் இல்லை.

லஞ்சத்தை எதிர்க்கக் கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சாதிச் சான்றிதழுக்கும் முதியோர் பென்ஷனுக்கும் அலைகிற ஜனம் நம்ம ஜனம்தான். லஞ்சம் அதிகமாக அடிப்பது வயிற்றில் ஈரத்துணி கட்டியவனைத்தான். ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் 1994 முதல் கிராமம் கிராமமாகப் பொது விசாரணை நடத்தியது. கூலிக் கணக்கை ஊர் நடுவில் உரக்கப் படித்தார்கள். செத்தவன் பேரில் கூலி, வராதவன் பேரில் கூலி. கூலிக்காரனே எழுந்து நின்று, "இந்தக் காசு எனக்கு வரல" என்றான். 2005இல் வந்த தகவல் உரிமைச் சட்டத்துக்கு அதுவும் ஒரு வேர். அங்கே பேசியது, பணத்தைப் பறிகொடுத்தவன். ஜந்தர் மந்தரில் அவனுக்காக வேறு ஆள் பேசினார்.

2001இல் வந்த 'லகான்' படத்தை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வெள்ளைக்காரனோடு கிராமம் கிரிக்கெட் ஆடி வரியை ஒழிக்கிற கதை. அதில் ஒரு தலித் வருகிறான். பெயர் கச்ரா. குப்பை என்று அர்த்தம். கை ஊனம். அந்த ஊனக் கையிலிருந்துதான் பந்து சுழல்கிறது. அதாவது திறமைகூட அவன் உழைத்துப் பழகியது இல்லை, குறையிலிருந்து தானாக வந்தது. பாலு வலையில் போட்ட ஆயிரமாயிரம் பந்துகளை இந்தக் கதை துடைத்துவிடுகிறது. நாயகன் புவன் மற்றவர்களோடு வாதாடி அவனைச் சேர்க்கிறான். கடைசிப் பந்தில் மட்டையோடு நிற்பது கச்ராதான். ஆனால் அவனால் ஒரு ரன்தான் ஓட முடிகிறது. அது நோ-பால் ஆகிறது. மறுமுனைக்குப் போய்விட்டான். இப்போது புவன் சிக்சர் அடிக்கிறான். கிராமம் பிழைக்கிறது.

2011 ஆகஸ்ட் 28, ராம்லீலா மைதானம். ஹசாரேயின் இரண்டாவது உண்ணாவிரதம் முடிகிறது. தேன் கலந்த இளநீரைக் கொடுத்தவர்கள் ஒரு தலித் சிறுமியும் ஒரு முஸ்லிம் சிறுமியும். வரைவு எழுதும்போது இடம் இல்லை. இளநீர் நீட்டும்போது இடம் உண்டு. ஒரு ரன் ஓடிவிட்டு மறுமுனையில் நில்.

நமக்கும் பங்கு வேண்டும் என்று வெளியிலிருந்து எழுந்த குரல் வீண்போகவில்லை. 2013 லோக்பால் சட்டத்தில், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், பெண்கள் ஆகியோராக இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. முதல் லோக்பால் நியமிக்கப்பட்டது 2019இல்தான். அதற்குள் மெழுகுவர்த்திகள் எப்போதோ அணைந்துவிட்டன.

இந்தியா ஜெயித்தால் இனியும் கத்துவேன். அது என் சந்தோஷம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் 'நாம்' என்று யாராவது ஆரம்பித்தால், மட்டை யார் கையில இருக்குன்னு ஒருதரம் பார்த்துக்கொள்வேன். ஏரியில் பந்து போட்ட பையனுக்கு அதைக் கேட்கத் தெரியவில்லை. நமக்குத் தெரியும்.