எதிர்ப்பக்கம் காலி

டாலி கணக்கு மென்பொருளில் ஒரு வாடிக்கையாளரின் பேரேட்டைத் திறந்து, எதையும் படிக்காமல் சற்றுத் தள்ளி உட்கார்ந்து பாருங்கள். வலது ஓரத்தில் டெபிட், கிரெடிட் என இரண்டு பத்திகள். ஏப்ரலிலிருந்து டெபிட் பக்கம் பில்லுக்கு மேல் பில்லாக ஏறிக்கொண்டே போகிறது. கிரெடிட் பக்கம் ஒன்றுமில்லை. தீபாவளிக்கு முன்னால் ஒரே ஒரு தொகை. அப்புறம் மார்ச் கடைசி வாரம்வரை மறுபடியும் காலி. ஓர் எண்ணைக்கூட வாசிக்காமலே ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிட்டது.

இந்த அமைப்பின் அழகே அந்தக் காலி இடம்தான். தொகை எந்தப் பக்கம் நிற்கிறதோ அதுவே அதன் குறி. தனியாகக் கூட்டல், கழித்தல் அடையாளம் தேவையில்லை. எல்லாவற்றையும் ஒரே பத்தியில் கொட்டி, முன்னால் ஒரு பொடிக் கோடு போட்டு வைக்கும் எக்செல் தாள்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். பிரின்டில் அந்தக் கோடு மங்கினால் நமக்குத் தர வேண்டியவர், நாம் தர வேண்டியவராகிவிடுவார்.

டெபிட் எனும் பற்று இடம், கிரெடிட் எனும் வரவு வலம் என்ற ஏற்பாடு பழையது. 1494இல் வெனிஸில் லூக்கா பசியோலி வெளியிட்ட கணித நூலிலேயே பேரேடு இப்படித்தான் விளக்கப்படுகிறது. ஆனால் காகிதப் பேரேட்டில் இரு பாதிகளுக்கும் தனித்தனியே தேதி, விவரம், தொகை உண்டு. பில் முந்தியா, பணம் முந்தியா என்று பார்க்கக் கண் இங்கும் அங்கும் தாவ வேண்டும். டாஸ் காலத்துத் திரையோ ஒரு வரிக்கு 80 எழுத்துதான். இரண்டு முழுப் பாதிகளுக்கு அதில் ஏது இடம்? தேதியும் விவரமும் ஒருமுறைதான், தொகைக்கு மட்டும் இரண்டு பத்தி என்ற வடிவம் அங்கே கச்சிதமாகப் பொருந்தியது. வங்கி பாஸ்புக்கில் முன்பே இருந்ததுதான். இருந்தாலும் காலவரிசையும் பக்கமும் ஒரே பார்வையில் கிடைப்பது சின்ன லாபமல்ல.

நுணுக்கம் தெரிய வேண்டுமானால் ஜர்னல் வவுச்சர் போட்டுப் பார்க்க வேண்டும். எஃப்7 தட்டி, கட்டட வாடகை டெபிட் 60,000. அடுத்த வரியில் டிடிஎஸ் (மூலத்தில் பிடிக்கும் வரி) கணக்கைக் கிரெடிட்டில் எடுத்ததும் தொகைக் கட்டத்தில் 60,000 தானாக வந்து நிற்கும். அதை 6,000 ஆக்குங்கள். மூன்றாவது வரியில் கட்டட உரிமையாளர் பெயரைத் தேர்ந்தெடுத்தால் 54,000 தயாராக இருக்கும். என்டர் தட்டினால் கர்சர் நேரே நேரேஷனுக்குப் போய்விடும். இரு பக்கமும் சமமாகாதவரை அது அங்கே போகாது. பிழை என்று கத்தும் பெட்டி எதுவும் குதிப்பதில்லை; எவ்வளவு குறைகிறது என்பதை வெறும் கட்டத்தில் எழுதிக் காட்டுகிறது, அவ்வளவுதான். நல்ல தலைமைக் கணக்கர் இளையவர்களிடம் நடந்துகொள்வதும் இப்படித்தான்.

பேமென்ட், ரிசீட் வவுச்சர்களில் இந்த அழகு கெட்டுப்போகிறது. மேலே ரொக்கமோ வங்கியோ ஒரு கணக்கு, கீழே பெயரும் ஒற்றைத் தொகைப் பத்தியும். வேகத்துக்காகச் செய்தது, புதிதாக வருபவருக்கு எளிது என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் எது பற்று, எது வரவு என்பது கண்ணிலிருந்து மறைகிறது. டாலிபிரைமில் கன்ட்ரோல்+ஹெச் தட்டி இரட்டைப் பதிவு வடிவத்துக்கு மாறிக்கொள்ளலாம். நான் மாறிக்கொள்வேன்.

எனக்கு மிகவும் பிடித்த வரி டிரயல் பேலன்ஸின் அடியில் இருக்கிறது. தொடக்க இருப்புகளைத் தப்பாக ஏற்றியிருந்தால், எந்தப் பக்கம் குறைகிறதோ அந்தப் பக்கத்தில் ‘தொடக்க இருப்பு வித்தியாசம்’ என்று தொகையோடு ஒரு வரி முளைக்கும். மொத்தம் இரண்டும் சமமாகத்தான் தெரியும். எதை வைத்துச் சமமாக்கியது என்பதும் கூடவே தெரியும். கைக்கணக்கிலிருந்து புதிதாக டாலிக்கு மாறிய கடைகளில் அந்த வரி மாதக்கணக்கில் அப்படியே கிடப்பதுண்டு, ஆடிட்டர் வந்து கேட்கும்வரை.