நற்பெயரின் விலைப்பட்டியல்

2019 நவம்பரில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் ஏராளமானவர்களின் நற்பெயர் திடீரென்று கூடிவிட்டது. அவர்கள் புதிதாக ஒரு வரிகூட எழுதவில்லை. ஒரு கேள்விக்கு விழும் ஒவ்வொரு ஆதரவு ஓட்டுக்கும் அதுவரை 5 புள்ளி. அதை 10 ஆக்கினார்கள். இனி விழப்போகும் ஓட்டுக்கு மட்டுமல்ல, ஏற்கெனவே விழுந்த ஓட்டுக்கும் சேர்த்து. ஒன்பது பத்து வருடம் முன்னால் ஒரு கேள்வி கேட்டுவிட்டு மறந்துபோனவர் கணக்கிலும், சம்பளக் கமிஷன் அரியர்ஸ் மாதிரி புள்ளிகள் வந்து விழுந்தன.

நல்ல கேள்வி கேட்பதும் பதில் சொல்வதற்கு இணையான வேலைதான் என்று நிர்வாகம் சொன்ன காரணம் நியாயமானதே. என் சந்தேகம் வேறு. தெர்மாமீட்டரில் கோடுகளை மாற்றி வரைந்தால் காய்ச்சல் கூடுமா? இங்கே கூடியது. அப்படியென்றால் அந்த எண் ஓர் அளவுகோல் இல்லை. இன்ன வேலைக்கு இன்ன கூலி என்று தளத்தை நடத்துகிறவர்கள் எழுதி ஒட்டிய விலைப்பட்டியல். விலைப்பட்டியல் வைப்பதில் தப்பு ஒன்றும் கிடையாது. அதற்கு 'நற்பெயர்' என்று பேர் வைத்து, அதைக் காட்டி அதிகாரத்தையும் பங்கு போட்டுக் கொடுத்ததில்தான் எனக்குச் சிக்கல்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி இருவரும் 2008-இல் தொடங்கிய தளம் இது. நிரலாளர்கள் கேள்வி கேட்பார்கள், மற்ற நிரலாளர்கள் பதில் சொல்வார்கள். பதிலுக்கு ஓர் ஆதரவு ஓட்டு விழுந்தால் 10 புள்ளி. கேட்டவர் உங்கள் பதிலை ஏற்றுக்கொண்டால் 15. எதிர் ஓட்டு விழுந்தால் 2 புள்ளி போகும். அடுத்தவர் பதிலுக்கு நீங்கள் எதிர் ஓட்டு போட்டால் உங்களுக்கும் 1 புள்ளி நஷ்டம். (இந்தக் கடைசி விதி எனக்குப் பிடிக்கும். குறை சொல்வதற்கும் கையிலிருந்து கொஞ்சம் செலவு பண்ண வேண்டும்.) ஓட்டுகள் மூலம் ஒரு நாளைக்கு 200-க்கு மேல் சேர்க்க முடியாது, ஏற்கப்பட்ட பதிலுக்கான 15-க்கும், பரிசாகக் கிடைக்கும் புள்ளிகளுக்கும் இந்த உச்சவரம்பு இல்லை.

சேர்த்த புள்ளிக்கு ஏற்பக் கதவுகள் திறக்கும். 15 இருந்தால் ஆதரவு ஓட்டு போடலாம். 50 இருந்தால் யார் பதிவிலும் கருத்துச் சொல்லலாம். 125-இல் எதிர் ஓட்டு. 2,000-இல் அடுத்தவர் எழுதியதை யார் ஒப்புதலும் இல்லாமல் திருத்தலாம். 3,000-இல் அடுத்தவர் கேள்வியை மூடச் சொல்லி ஓட்டு போடலாம். 10,000, 20,000 என்று மேலே போகப் போக நீக்கும் அதிகாரமும் வருகிறது.

இந்தப் புள்ளி எதைக் காட்டுகிறது? முதலில் உழைப்பைக் காட்டுகிறது, சந்தேகமில்லை. 'சி ஷார்ப் இன் டெப்த்' புத்தகம் எழுதிய ஜான் ஸ்கீட் 2018 ஜனவரியில் 10 லட்சம் புள்ளியைத் தொட்டார். அங்கே முதலில் தொட்டவர் அவர்தான். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாள் விடாமல் தினமும் 200 எடுத்தாலும் வருடத்துக்கு 73,000தான். தளம் தொடங்கியதிலிருந்து அதுவரை ஒன்பது வருடம் நாலு மாதம். ஓட்டுகளால் மட்டும் 6.8 லட்சத்தைத் தாண்ட வழியே இல்லை. மீதி 3 லட்சத்துச் சொச்சம் உச்சவரம்பு இல்லாத வழியில்தான் வந்திருக்க முடியும். அதில் பெரும்பகுதி 15 புள்ளிக் கணக்கு என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய இருபதாயிரம் பேர் "ஆமாம், இதுதான் என் பிரச்சினைக்குத் தீர்வு" என்று அவர் பதிலைத் தொட்டுக் காட்டியிருக்கிறார்கள். மனுஷன் அசுரன்தான். அவர் விஷயத்தில் எண்ணும் ஆளும் ஒத்துப்போவதால் எண்ணின் மேலேயே நமக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது. ஆனால் எல்லாரும் ஸ்கீட் இல்லை.

கொஞ்சம் கீழே இறங்கிப் பார்ப்போம். அந்தத் தளத்தில் புகழ்பெற்ற ஒரு கேள்வி உண்டு: வரிசைப்படுத்திய பட்டியலைப் படிப்பது, கலைந்து கிடக்கும் அதே பட்டியலைப் படிப்பதைவிட ஏன் வேகமாக நடக்கிறது? 2012-இல் கேட்டது. அதற்கு வந்த பதில், பிராசசர் அடுத்த திருப்பம் எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே ஊகிக்கும் விதத்தை, ஒரு ரயில்வே சந்திப்பை உதாரணம் காட்டி விளக்குகிறது. 30,000 ஓட்டுகளுக்கு மேல் வாங்கியிருக்கிறது. தகும். இன்னொரு பக்கம், கிட் மென்பொருளில் கடைசியாகப் போட்ட கமிட்டை எப்படித் திரும்பப் பெறுவது என்று 2009-இல் வந்த கேள்வி. அதற்கும் 20,000-க்கு மேல் ஓட்டு. அதில் ஆழம் என்று ஒன்றும் இல்லை; ஆனால் உலகத்தில் கிட் பயன்படுத்தும் ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் அது தேவைப்படும். முதலாவது அறிவுக்கு விழுந்த ஓட்டு. இரண்டாவது போக்குவரத்துக்கு விழுந்த ஓட்டு. கணக்குப் புத்தகத்தில் இரண்டும் ஒரே 10, ஒரே காசு.

என் சொந்தக் கணக்கும் அப்படித்தான். என் புள்ளிகளில் பாதிக்கு மேல் ஒரே ஒரு பதிலிலிருந்து வருகிறது. லினக்ஸில் தேதியை வேண்டிய வடிவத்தில் அச்சிடுவது எப்படி என்று இரண்டு வரி. மேனுவலைத் திறந்தால் எவருக்கும் கிடைப்பதுதான். நெட்வொர்க் இணைப்புகள் பாதியில் தொங்கிப்போவது பற்றி இரண்டு ராத்திரி உட்கார்ந்து சோதித்து எழுதிய பதிலுக்கு மூன்று ஓட்டு. எனக்கு இதில் வருத்தம் இல்லை, அந்தப் பிரச்சினை வந்தவர்களே அத்தனை பேர்தான். ஆனால் நேர்காணல்களில் என் முன்னால் வரும் சுயவிவரங்களில், பட்டத்துக்கு அடுத்த வரியிலேயே இந்த எண்ணைப் போட்டிருக்கிறார்கள். ஆள் எடுக்கிறவர்களும் அதை மதிப்பெண் மாதிரி பார்க்கிறார்கள். அது மதிப்பெண் இல்லை. மெயின் ரோட்டில் கடை கிடைத்தவரின் வியாபாரக் கணக்கு. சந்துக்குள் கடை வைத்தவரின் சரக்கைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

வேகத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. முதலில் வரும் பதில்தான் முதலில் படிக்கப்படும், முதலில் ஓட்டு வாங்கும். அதனால் இரண்டு வரியைப் போட்டு இடம் பிடித்துவிட்டு, அப்புறம் நிதானமாக விரித்து எழுதுவது ஒரு கலையாகவே வளர்ந்தது. பதிவிட்ட முதல் ஐந்து நிமிடத்துக்குள் செய்யும் திருத்தம் வரலாற்றில் தனியாகப் பதிவாகாது என்பதால் தடயமும் இருக்காது. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போடும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கேயே இதற்கு 'மேற்கிலேயே வேகமான துப்பாக்கி' என்று கௌபாய் படப் பெயர் வைத்துக் கேலி செய்திருக்கிறார்கள். தெரிந்துதான் இருந்திருக்கிறது.

இதற்கு நேர் எதிரான ஓர் எண்ணைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கோளாறு எங்கே என்று தெரியும். சதுரங்கத்தில் அர்பாட் எலோ வகுத்த தரவரிசை முறை. அமெரிக்கக் கூட்டமைப்பு 1960-இலும், உலகக் கூட்டமைப்பு 1970-இலும் எடுத்துக்கொண்டது. அதில் 200 புள்ளி வித்தியாசம் என்றால் மேலே இருப்பவர் சராசரியாக ஆட்டத்துக்கு 0.76 எடுப்பார், 400 என்றால் 0.91. அதாவது அந்த எண் நாளைக்கு நடக்கப்போவதைப் பற்றிப் பேசுகிறது. பேசியது நடக்காவிட்டால் எண்ணே மாறிவிடும். தோற்றால் இறங்கும், எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி. எலோவிலும் கை வைத்திருக்கிறார்கள். 2024 மார்ச்சில் உலகக் கூட்டமைப்பு 2000-க்குக் கீழே இருந்த எல்லாரையும் தூக்கிவிட்டது. 1500 வைத்திருந்தவர் 1700 ஆனார். இதுவும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ செய்த மாதிரிதானே என்று கேட்கலாம். இல்லை. கீழ்த்தட்டில் எண்கள் சுருங்கிப்போய், பலம் ஒன்றும் எண் ஒன்றுமாக இருந்ததால் திருத்தினார்கள். பிழை என்று காட்ட ஒரு வழி இருந்தது, காட்டினார்கள், சரி செய்தார்கள். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் 40,000 வைத்திருப்பவர் 4,000 வைத்திருப்பவரைவிட எதைச் சிறப்பாகச் செய்வார்? அந்த எண் எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அதனால் அது தப்பாகவும் ஆக முடியாது.

இன்னொன்று, எலோவில் நான் ஜெயித்தால் இன்னொருவர் தோற்றாக வேண்டும். இங்கே அப்படி இல்லை. எதிர் ஓட்டின் 2 புள்ளி ஒரு பொருட்டே அல்ல என்பதால் நடைமுறையில் எண் ஏறிக்கொண்டுதான் இருக்கும். 2010-இல் பதில் சொன்னவர் தளத்தை விட்டே போயிருந்தாலும், வாடகை மாதாமாதம் வந்துகொண்டிருக்கும்.

பழைய விவாதக் களங்களின் பட்டங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விபுல்லட்டின் மென்பொருளில் அவர்களே போட்டுக் கொடுத்த ஏற்பாடு: 30 பதிவில் உறுப்பினர், 100 பதிவில் மூத்த உறுப்பினர். "நன்றி நண்பரே", "அருமை" என்று நூறு தரம் எழுதினால் மூத்தவர். அந்தப் பட்டத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாததால் அதனால் பெரிய கெடுதலும் இல்லை.

அவற்றைவிட ஸ்லாஷ்டாட் செய்ததுதான் என்னை யோசிக்க வைக்கிறது. 1997-இல் ராப் மால்டா தொடங்கிய செய்தித் தளம். அங்கே ஒழுங்காக வந்துபோகும் வாசகர்களில் சிலருக்கு, கேட்காமலேயே, ஐந்து ஓட்டுகள் வந்து சேரும். மூன்று நாளில் பயன்படுத்தாவிட்டால் காலாவதி. தான் எழுதிய விவாதத்தில் தானே மதிப்பிட முடியாது. அவர்கள் மதிப்பிட்டது நியாயமா என்று வேறு வாசகர்கள் பார்ப்பார்கள். 'கர்மா' என்ற எண்ணைச் சேர்ப்பதே ஆட்களுக்கு விளையாட்டாகப் போனதும், முதலில் 50-க்கு மேல் ஏறாது என்று கட்டினார்கள், பிறகு எண்ணையே மறைத்து 'நன்று', 'மோசம்' என்று வார்த்தையாக மாற்றிவிட்டார்கள். அதிகாரம் அங்கே முறை வைத்து வந்துபோகும் வேலை. யார் வீட்டிலும் தங்காது.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் தங்கியது. 3,000 புள்ளி வந்தவர் எந்தத் துறைக் கேள்வியையும் மூட ஓட்டு போடலாம். ஜாவாஸ்கிரிப்டில் சம்பாதித்த புள்ளியைக் கொண்டுபோய் ஹாஸ்கெல் கேள்வியை மூடலாம். முன்பு ஒரு கேள்வியை மூட ஐந்து பேர் வேண்டும். பிறகு அதை மூன்றாகக் குறைத்தார்கள். இதே தளத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு ஒன்று இருப்பதைச் சொல்லாவிட்டால் அநியாயம். ஒரு குறிப்பிட்ட துறையில் குறைந்தது 200 பதில் எழுதி, அதில் 1,000 ஓட்டு வாங்கியவருக்குத் தங்கப் பதக்கம். அவர் அந்தத் துறையில் மட்டும், 'இது ஏற்கெனவே கேட்கப்பட்டது' என்று தனி ஆளாகவே கேள்வியை மூடலாம். தெரிந்த துறையில் மட்டும் அதிகாரம். இதை அல்லவா விரித்திருக்க வேண்டும்? விரிக்கவில்லை.

விளைவு யார் தலையில் விழுந்தது என்றால், புதிதாக வந்தவர் தலையில். எங்கள் அணியில் சேர்ந்த பல பேர், கல்லூரி முடித்து நேராக வந்தவர்கள், முதல் கேள்வியைப் போட்ட சில நிமிடங்களில் அது மூடப்பட்டதைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கமே போனதில்லை. ஆங்கிலத்தில் தயங்கித் தயங்கி எழுதிய கேள்வி. அதை மூடியவர்களுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இருந்திருக்காது. பெருக்கித் தள்ளும் வேலை அவர்களுடையது, பெருக்கினார்கள். தளம் புதியவர்களை வரவேற்பதாக இல்லை என்று 2018 ஏப்ரலில் நிறுவனமே பகிரங்கமாக ஒத்துக்கொண்டது. புள்ளிக்கும் அதிகாரத்துக்கும் போட்ட முடிச்சை மட்டும் தொடவில்லை.

2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்தது. ஒரு வாரத்துக்குள் அது எழுதிய பதில்கள் அங்கே குவிந்து, டிசம்பரிலேயே தடை போட வேண்டியதாயிற்று. கூலி வாங்காத இடத்தில் எந்திரத்தைக் கொண்டுவந்து இறக்க யாருக்கும் காரணம் இருந்திருக்காது என்பது என் கட்சி. 2023 ஜூனில், அப்படிப்பட்ட பதில்களை நீக்கும் விஷயத்தில் நிர்வாகம் கைகளைக் கட்டிவிட்டது என்று சொல்லி, சம்பளம் இல்லாமல் உழைக்கும் மட்டுறுத்துநர்கள் பலர் வேலைநிறுத்தம் செய்தார்கள். எங்கள் அணிப் பிள்ளைகளோ இப்போது எந்திரத்திடமே கேட்டுக்கொள்கிறார்கள். அது பொறுமையாகப் பதில் சொல்கிறது, மூடுவதில்லை. ஆனால் அந்தக் கேள்வியும் பதிலும் அடுத்தவர் தேடிக் கண்டுபிடிக்கும் இடத்தில் இல்லை.

பதில்களின் வயதைப் பற்றித் தளம் கவலைப்படாமல் இல்லை. கேட்டவர் ஏற்றுக்கொண்ட பதில் எப்போதும் உச்சியில் நிற்கும் என்ற வழக்கத்தை 2021-இல் எடுத்துவிட்டார்கள். அண்மையில் விழுந்த ஓட்டுக்கு அதிக எடை கொடுத்துப் பதில்களை வரிசைப்படுத்தும் வசதியை 2022-இல் கொண்டுவந்தார்கள். 2009-ஆம் வருடத்துப் பதில் 2022-இல் செல்லுமா என்று இப்போது பார்க்க முடியும். அந்தப் பதிலை எழுதியவருக்கு அதே ஓட்டுகளால் கிடைத்த புள்ளிக்கு மட்டும் தேய்மானம் கிடையாது. அன்று வாங்கிய 3,000 இன்றும் 3,000தான். அதைக் காட்டி இன்று காலையில் கேட்கப்பட்ட கேள்வியையும் மூடலாம்.