கிழிந்த தாளும் கிழியாத படமும்: ஒரு நோக்கு

குடும்பப் புகைப்படங்களைக் கணினியிலே தொகுத்து நினைவேடாக்கும் வழக்கம் இன்று பரவலாகியுள்ளது. அத்தகைய ஏடுகளிற் படத்தின் ஓரம் கிழிந்த தாள்போலத் தோன்றுவதைப் பலவிடத்தும் காணலாம். ஆயத்தமாகக் கிடைக்கும் கிழிதாளுருவம் ஒன்றைப் போட்டோஷொப் போன்ற மென்பொருளிற் படத்தின்மேல் ஓர் அடுக்காக வைப்பதனால் இத்தோற்றம் உண்டாகிறது. இவ்வலங்காரம் எப்பொழுது பொருளுடையதாகிறது, எப்பொழுது வெறும் பாவனையாகிறது என்பது ஆராயத்தக்கது.

கலை வரலாற்றிற் கிழித்தல் புதியதன்று. 1912இல் பிராக்கும் பிக்காசோவும் தாள்களை ஓவியத்தில் ஒட்டினர். 1930களில் ஆர்ப் தாள்களைக் கிழித்து ஒட்டிப் படைத்தார். 1949 முதல் பாரிஸ் நகரில் ஹெயின்சும் வில்லெக்லேயும் தெருச்சுவர்களிற் கிழிந்துகிடந்த சுவரொட்டிகளையே கலைப்பொருளாக்கினர். இவர்களிடத்துக் கிழிசல் மீளமுடியாத ஒரு நிகழ்ச்சி. 1994இல் போட்டோஷொப்பின் மூன்றாம் பதிப்பு அடுக்குகளை அறிமுகஞ்செய்தபின் நிலைமை வேறாயிற்று. மேலடுக்கை நீக்கினால் அடியிலுள்ள படம் குறைவின்றி நிற்கும். நிகழ்ச்சியாயிருந்த கிழிசல் ஒப்பனையாயிற்று.

ஒப்பனைக்கும் அதற்குரிய ஒழுங்கு உண்டு. அச்சிட்ட தாளைக் கிழிக்கும்போது ஒரு துண்டின் ஓரத்தில் உள்நாரின் வெண்மை தெரியும். நாரோட்டத்தின் வழியே கிழிந்த ஓரம் ஏறக்குறைய நேராகவும், குறுக்கே கிழிந்தது கோணலாகவும் அமையும். ஒரே உருவத்தை நாற்புறமும் திருப்பி வைப்போர் இதனைக் கருதுவதில்லை. நிழலின் திசையும் படத்துக்குப் படம் மாறிவிடுகிறது. பார்ப்போர் கண் பொய்யை உடனே அறிந்துகொள்கிறது.

எனினும், கல்முனைக் கரையோரத்தில் இவ்வினா தொழில்நுட்பத்தோடு முடிவதில்லை. 2004 டிசெம்பர் 26ஆம் நாட் கடற்கோளால் இலங்கையில் மிகக் கூடிய உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்திலேயே நேர்ந்தது. மாண்டோர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது முதலாய ஊர்களிற் கடலை அண்டிய வீடுகளோடு அவற்றிலிருந்த படங்களும் அழிந்தன. உப்புநீரில் ஊறிய படங்களின் மேற்படலம் நெகிழ்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது முகமே கிழிந்துபோகும். அவ்வாறு எஞ்சிய படத்தின் ஓரம் அலங்காரமாகாது, அது சாட்சி.

2011ஆம் ஆண்டுக் கடற்கோளின்பின் யப்பானின் யமமோட்டோ ஊரிலே தன்னார்வலர் ஏறத்தாழ ஏழரை இலட்சம் படங்களைக் கழுவி, பிரதியெடுத்து, உரியோரைத் தேடினர். மீட்கவியலாதவை சிதைந்த நிலையிலேயே காட்சிக்கு வைக்கப்பட்டன. சிதைவை மறைக்காமையே அங்கு இறந்தோர்க்குச் செய்யப்பட்ட மரியாதை எனலாம்.

இன்றைய கணினித்திரையில் இருவேறு போக்குகள் அருகருகே நிகழ்கின்றன. முழுப்படத்துக்குப் பொய்க் கிழிசல் சூட்டப்படுகிறது. உண்மையிற் கிழிந்த படத்துக்கோ, இல்லாத கன்னத்தையும் கண்ணையும் மென்பொருள் கற்பித்து முழுமை தருகிறது. முன்னது இழப்பை விளையாட்டாக்குகிறது. பின்னது இழப்பையே மறுக்கிறது. இரண்டனுள் பின்னதே பெருந்தீங்கு. வருங்காலப் பேரப்பிள்ளை அக்கற்பித முகத்தையே தன் பாட்டியின் முகமென நம்பும்.

கிழிதாளுருவத்துக்குத் தக்க இடம் இங்குதான் உண்டு. சிதைந்த படத்தை உள்ளவாறே பிரதியெடுத்து, அழிந்த பகுதியை வெறுமையாக விட்டு, அதன் கீழே ஒரு கிழிதாளை வைத்துப் பெயரும் ஊரும் ஆண்டும் பொறிக்கலாம். அப்பொழுது அவ்வடுக்கு இல்லாததை இல்லாததென்று கூறும். கைத்தறிக்குப் பெயர்பெற்ற மருதமுனையிற் சேலையின் ஓரம் அழகுக்காக மாத்திரம் நெய்யப்படுவதில்லை; இழை பிரியாது காப்பதும் அதன் பணி. நினைவேட்டின் ஓரத்துக்கும் அதுவே அளவுகோலாதல் வேண்டும்.