பிரசெல்ஸ் இசைக்கருவித் தொகுப்பும் வகைப்பாட்டின் எல்லையும்

1877இல் நிறுவப்பெற்ற பிரசெல்ஸ் இசைக்கருவி அருங்காட்சியகத்தின் தொடக்கத் தொகுப்பில், வங்காள இசையறிஞர் சௌரீந்திர மோகன் தாகூர் 1876இல் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டுக்கு அன்பளித்த இந்தியக் கருவிகளும் அடங்கும். அதன் முதல் காப்பாளர் மஹியோன் வகுத்த நால்வகைப் பகுப்பே, 1914இல் ஹார்ன்போஸ்டலும் சாக்ஸும் விரித்தமைத்த வகைப்பாட்டிற்கு அடிப்படையாயிற்று. ஒலி பிறக்கும் முறையை அளவுகோலாகக் கொள்வதில் அது நம் நரம்பு, துளை, தோல், கஞ்சம் என்னும் பாகுபாட்டை ஒத்துள்ளது.

இவ்வொப்புமையைப் பெருமிதத்தோடு சுட்டுதல் மட்டும் ஆய்வாகாது. இவ்வளவுகோலின்படி பறையும் மிருதங்கமும் தோற்கருவிகளே. ஆயின் ஒன்றை இழிவோடும் மற்றொன்றை மேன்மையோடும் பிணைத்த சாதிய வரலாறு இவ்வகைப்பாட்டில் புலப்படாது. ஆகவே, தொகுப்புகளை ஆராய்வோர் கருவி எவ்வாறு ஒலிக்கிறது என்பதுடன், அதைச் செய்தவர் யார், இசைத்தவர் யார், அரங்கிற்கு வெளியே நிறுத்தப்பட்டவர் யார் என்பவற்றையும் பதிவுசெய்தல் வேண்டும்.