ஒரே இடம் ஒளிர்ந்தால் ஒரே வலியா?

மாசித் திருவிழாவில் எங்க ஊர் நத்தம் மாரியம்மனுக்குப் பூக்குழி இறங்கிய பக்கத்து வீட்டு அண்ணனிடம் கேட்டேன். "சூடு தெரிஞ்சுச்சு தம்பி, ஆனா வதைக்கல" என்றார். (தணல் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், அதுவும் ஒரு காரணம்.)

சூடு வேறு, வதை வேறு. 1997ல் மாண்ட்ரியலில் பியர் ரெய்ன்வில் குழு இதை அழகாகப் பிரித்துக் காட்டியது. 47 டிகிரி வெந்நீரில் கை. ஹிப்னாஸிஸ் மூலம் வேதனையை மட்டும் கூட்டிக் குறைத்தார்கள். பெட் ஸ்கேனில் அதோடு சேர்ந்து ஏறி இறங்கியது முன் சிங்குலேட் பகுதி. தொடுவுணர்வுப் பகுதி பெரிதாக அசையவில்லை.

என் சண்டை அப்புறம் வந்ததோடுதான். 2003ல் நவோமி ஐசன்பெர்கர் குழு 13 பேரை ஸ்கேனரில் படுக்கவைத்து, கம்ப்யூட்டர் பந்து விளையாட்டில் ஒதுக்கிவிட்டது. சிங்குலேட் ஒளிர்ந்தது. உடனே, மனசு ஒடைஞ்சாலும் கை ஒடைஞ்சாலும் மூளைக்கு ஒண்ணுதான்னு கதை கிளம்பிடுச்சு.

சர்வரில் சிபியு 90 சதவீதம்னா எந்த புரோகிராம் ஓடுதுன்னு சொல்லிட முடியுமா? தப்பு பண்ணினாலும், குழம்பினாலும் எழும்புகிற இடம் அது. 2014ல் ஊ, வேகர் குழு 60 பேருக்குச் சூடும் வைத்து, பிரிந்துபோன காதலர் படத்தையும் காட்டியது. இடம் ஒன்றுதான், அதற்குள் ஓடிய வடிவம் வேறு.

எனக்கென்ன இதில்? அம்மா வருஷக்கணக்கா முதுகுவலி என்கிறார். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றதும் நானே பாதி நம்பவில்லை. நாளைக்கு மூளைப் படத்தையும் இப்படித்தான் நீட்டுவோம்.