ஆண் பாத்திரமும் பெண் எழுதுகோலும்

பிறர் படைத்த பாத்திரத்தை எடுத்துத் தம் போக்கில் மீண்டும் படைப்பது இலக்கிய உலகிற்குப் புதிதன்று. வான்மீகியின் இராமனைக் கம்பர் தமிழ் இராமன் ஆக்கினார். வியாசரின் பாரதத்தை வில்லிபுத்தூரார் தமிழ்ச் செய்யுளில் மறுபடியும் பாடினார். இவை பெரும்புலவர்தம் பணி. புலவரல்லாத வாசகர், தாம் விரும்பிப் படித்த கதையின் மாந்தரைத் தாமே ஏற்று, அக்கதை விட்ட இடத்திலிருந்து புதுக்கதை புனையும் வழக்கம் அண்மைக் காலத்தில் உலகெங்கும் பெருகியுள்ளது. அதனை மறுபுனைவு எனலாம். மறுபுனைவு எழுதுவோருள் பெண்களே மிகுதி. ஆனால் அவர்கள் கதைகளின் நடுவில் நிற்போர் பெரும்பாலும் ஆண்களே. இதன் காரணம் யாது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

ஜொகூர் மாநிலத்து உலு திராம் போன்ற சிற்றூரின் தமிழ்ப்பள்ளிக்கும் இவ்வினா தொலைவானதன்று. தன்கதைக் கட்டுரை எழுதும் மாணவி 'நான் ஒரு பேனா' என்று தொடங்குகிறாள்; 'நான் ஒரு மிதிவண்டி' என்றும் தொடங்குகிறாள். ஆசிரியர் மகிழ்ந்து புள்ளி இடுகிறார். அதே மாணவி 'நான் வந்தியத்தேவன்' என்று தொடங்குவாளாயின் ஆசிரியரின் புருவம் உயர்கிறது. 'ஒரு பெண் பாத்திரத்தை எடுத்திருக்கலாமே' என்னும் குறிப்பு ஓரத்தில் சிவப்பு மையில் விழுகிறது. உயிரற்ற பேனாவாக மாற இசைவு பெற்றவள் உயிருள்ள ஓர் ஆணாக மாறலாகாதோ?

மேலைநாட்டுச் சான்று

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1966 முதல் 1969 வரை 'ஸ்டார் டிரெக்' என்னும் விண்வெளித் தொடர் ஒளிபரப்பாயிற்று. 1967ஆம் ஆண்டில் தேவ்ரா லாங்சாம், ஷெர்னா கமர்ஃபோர்ட் என்னும் இரு பெண்கள் 'ஸ்போக்கானலியா' என்னும் சுவைஞர் இதழை வெளியிட்டனர். அதன் பெயரே ஸ்போக் என்னும் ஆண் பாத்திரத்தின் பெயரால் அமைந்தது. 1970களில் பெண்கள் எழுதிய கதைகள் பல, கப்பல் தலைவன் கிர்க்கும் ஸ்போக்கும் கொண்ட நட்பையும் அன்பையும் சுற்றியே வளர்ந்தன. கமீல் பேக்கன்-ஸ்மித், ஹென்றி ஜென்கின்ஸ் ஆகிய ஆய்வாளர் இருவரும் 1992இல் வெளியிட்ட நூல்களில் இவ்வெழுத்துலகம் பெரிதும் பெண்களால் ஆனது என்பதை விரிவாகக் காட்டினர்.

ஸ்போக் யார்? அவன் தாய் மானிடப் பெண். தந்தையோ உணர்ச்சியை அடக்கி ஆளும் வேற்றுக்கோள் இனத்தவன். உள்ளே அன்பு இருந்தும் வெளியே சொல்லாதவன் அவன். பெண்கள் எழுதிய கதைகளிலோ அவன் காயமுறுகிறான், நண்பனால் தேற்றப்படுகிறான், அடக்கி வைத்ததைச் சொல்லிவிடுகிறான். மூலக்கதை மூடி வைத்த மனத்தைப் பெண்ணின் எழுதுகோல் திறந்துவிட்டது.

வெள்ளிவீதியார் காட்டும் நெறி

இதனை மேலைநாட்டுப் புதுமை என்று கருதுவோர் குறுந்தொகையின் 58ஆம் பாடலை நோக்குதல் வேண்டும். அதனைப் பாடியவர் வெள்ளிவீதியார் என்னும் பெண்பாற் புலவர். பாடலில் பேசுபவனோ தலைவன். காதலால் மெலிந்த தலைவனைத் தோழன் இடித்துரைக்கிறான். அவனுக்குத் தலைவன் தன் நிலையை விளக்குகிறான். வெயில் காயும் பாறைமேல் வெண்ணெய் வைக்கப்பட்டுள்ளது. அதற்குக் காவலாய் இருப்பவனுக்குக் கையும் இல்லை, பேச்சும் இல்லை. உருகுவதைக் கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவ்வெண்ணெய் போல் தன் நோய் பரவுகிறது என்பது தலைவன் கூற்றின் கருத்து.

கையும் வாயும் இன்றிப் பார்த்திருக்கும் நிலை யாருடையது? தாயின் காவலில் இற்செறிக்கப்பட்டு, ஊர் அலருக்கு அஞ்சி, வேட்கையை வெளியிட இயலாத தலைவியின் நிலைக்கு அது மிக நெருங்கியது. அந்நிலையைப் புலவர் ஆண்மகனின் வாயில் வைக்கிறார். அங்ஙனம் வைத்தமையால் இரண்டு பயன்கள் விளைகின்றன. தலைவனுக்குத் துன்பத்தை வாய்விட்டுச் சொல்லக் கேட்கும் தோழன் ஒருவன் கிடைக்கிறான். ஆண்மகனும் செயலற்று உருகுவான் என்னும் உண்மையும் பதிவாகிறது. ஆடவர் பலர் தலைவியின் குரலில் பாடியதை மரபு என்று போற்றும் தமிழ் வகுப்பறை, பெண்ணொருத்தி தலைவன் குரலில் பாடியதையும் அவ்வாறே போற்றுதல் முறையாகும்.

புறநானூற்றிலும் இதற்குத் துணை உண்டு. போரவைக் கோப்பெருநற்கிள்ளியைச் சாத்தந்தையார் 80 முதல் 82 வரையுள்ள பாடல்களில் பாடினார். அவனையே நக்கண்ணையார் 83 முதல் 85 வரையுள்ள பாடல்களில் பாடினார். ஆண்பாற் புலவர் மற்போரின் விரைவையும் வலிமையையும் கண்டார். பெண்பாற் புலவரோ அவ்வீரனைக் கண்டு உருகும் ஒருத்தியின் உள்ளத்தையும் அவள் அஞ்சும் தாயையும் ஊரவையையும் சேர்த்துக் கண்டார். வீரன் ஒருவனே, நோக்கு மாறியதால் கவிதை மாறிற்று.

வழி யாருக்கு உரியது?

வெள்ளிவீதியார் தலைவனுக்கு நெஞ்சைக் கொடுத்தார். தலைவனிடமிருந்து பெண் எழுத்தாளர் பெறுவது யாது? இதற்கு விடை காண, இக்கால மாணவர் நன்கறிந்த கதை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. 2022இலும் 2023இலும் இரு பாகத் திரைப்படமாக வெளிவந்தபின் இளையோர் பலர் அதனை மீண்டும் நாடினர். ஆடிப்பெருக்கு நாளில் வீராணத்து ஏரிக்கரையில் குதிரைமேல் வரும் வந்தியத்தேவனோடு அக்கதை தொடங்குகிறது. கடம்பூர், தஞ்சை, பழையாறை, கோடிக்கரை, ஈழம் என எல்லா வழிகளும் அவனுக்குத் திறந்துள்ளன. அவனுக்கு நண்பர் உளர், பகைவர் உளர், தவறு செய்து திருந்தவும் இடம் உண்டு. குந்தவையும் நந்தினியும் அறிவில் அவனினும் மேம்பட்டவர்கள். எனினும் அவர்கள் பெரிதும் அரண்மனையில் இருந்தே கதையை இயக்குகின்றனர்.

பூங்குழலி இதற்கு விலக்கன்றோ எனலாம். தன்னந்தனியே கடலில் படகு செலுத்தும் அவள் தமிழ்ப் புதினத்தின் தலைசிறந்த பெண் பாத்திரங்களுள் ஒருத்தி. ஆயின் கதை முடிவில் அவள் சேந்தன் அமுதனை மணந்து, அவன் உத்தம சோழனாக, அரண்மனைக்கு உரியவளாகிறாள். கடல்வழி அங்கே அடைபடுகிறது. கதையைத் தொடர விரும்பும் பெண்ணுக்குத் திறந்திருக்கும் வழி ஆணின் வழியே.

'பொன்னியின் செல்வன்' கதையைத் தொடர்ந்த இரு நூல்களின் பெயர்களும் இங்கே நோக்கத்தக்கன. ஆண் எழுத்தாளர் விக்கிரமன் தம் நூலுக்கு 'நந்திபுரத்து நாயகி' எனப் பெயரிட்டார். பெண் எழுத்தாளர் அனுஷா வெங்கடேஷ் தம் நூலுக்கு 'காவிரி மைந்தன்' எனப் பெயரிட்டார். இரு நூல்களைக் கொண்டு விதி வகுத்தல் பொருந்தாது. எனினும் எழுதுவோர் தம் பாலுக்கு அப்பாலும் நோக்குவது இயல்பு என்பதற்கு இவை நல்ல எடுத்துக்காட்டுகள்.

மலேசியத் தோட்டப்புற வாழ்வும் இவ்வுண்மையை விளக்கும். விடியுமுன் பெரட்டில் நின்று, பால்மரம் சீவி, வீடு திரும்பி உலை வைத்த பெண்ணுக்கு லயத்தைத் தாண்டிய உலகம் குறுகியது. திருவிழா மேடையில் பெண் வேடத்தையும் பெரும்பாலும் ஆண்களே கட்டினர். பெண்கள் கீழே பாய் விரித்து அமர்ந்து, அருச்சுனன் தவத்தையும் கர்ணன் மோட்சத்தையும் கண்டனர். அவர்கள் பேத்தியர் இன்று எழுதுகோல் ஏந்தும்போது, மேடையில் நடமாடியவனையே முதலில் எழுதுகின்றனர் எனின் அதில் வியப்பில்லை.

மறுப்பும் விடையும்

இப்போக்கு வெறும் வேட்கையின் விளைவு என்பர் சிலர். வேட்கையும் அதில் உண்டு. நக்கண்ணையார் அதனை மறைக்கவில்லை. தொகுத்தோரும் அதனை விலக்கவில்லை.

பெண்ணே பெண்ணைப் புறக்கணிக்கிறாள் என்னும் மறுப்பு இதனினும் வலியது. அதனை எளிதில் தள்ளுதல் ஆகாது. கர்ணனின் கண்ணீரைப் பத்துப் பக்கம் எழுதி, குந்தியை ஒரு வரியில் கொடியவள் என்று கடந்துபோகும் எழுத்து குறையுடையதே. ஆணுக்குக் கொடுத்த பரிவைப் பெண்ணுக்கு மறுப்பது நீதியாகாது. ஆயினும் அக்குறைக்கு மருந்து, ஆண் பாத்திரத்தை எழுதாதே என்று தடுப்பதன்று. பெண்ணுக்கும் வழி உண்டு எனக் காட்டுவதே மருந்து. அம்பையின் 'அடவி' என்னும் கதையில் செந்திரு வீட்டை விட்டுக் காட்டுக்குச் சென்று, அங்கே சீதையின் கதையைத் தானே எழுதுகிறாள். பெண் பாத்திரத்தின் காலடியில் காட்டுவழி விரிந்தவுடன், பெண் எழுத்து அவளைப் பின்தொடர்கிறது. அகநானூற்றின் 147ஆம் பாடலில் ஔவையாரின் தலைவி, பிரிந்தவனைத் தேடிச் செல்ல எண்ணும்போது வெள்ளிவீதியையே தனக்கு முன்னோடியாக நினைக்கிறாள். தலைவன் குரலை எடுத்தாண்ட புலவரின் பெயரே, வழிநடந்த பெண்ணின் பெயராகவும் நின்றது பொருள் பொதிந்ததாகும்.

ஆசிரியர் செய்யத்தக்கது

ஆகவே, பெண் எழுத்தாளர் ஆண் பாத்திரத்தை நாடுவது அவனுக்குப் பணிந்தன்று. அவன் நடந்த வழியை அவள் பெறுகிறாள். அவள் நெஞ்சின் நெகிழ்ச்சியை அவன் பெறுகிறான். இக்கொடுக்கல் வாங்கலில் இருவரும் மூலக்கதையில் இருந்ததினும் முழுமை அடைகின்றனர்.

'நான் வந்தியத்தேவன்' என்று மாணவி எழுதிய ஏட்டைத் திருத்தும் ஆசிரியர் இரண்டு வினாக்களை ஓரத்தில் எழுதலாம். 'இவன் தன் துன்பத்தை யாரிடம் சொல்கிறான்?' என்பது ஒன்று. 'இவன் வழியில் கண்ட பெண் எங்கே போகிறாள்?' என்பது மற்றொன்று. முதல் வினா மாணவியை வெள்ளிவீதியாரிடம் அழைத்துச் செல்லும். இரண்டாம் வினாவுக்கு அவள் விடை எழுதத் தொடங்கும் நாளில், பூங்குழலியின் படகு மீண்டும் கடலில் இறங்கும்.