வழுவும் வழக்கும்

ஈழத்து இலக்கிய விமர்சனம் மொழிவழக்கைப் பற்றிப் பேசிய அளவு சூடாகப் பேசிய விடயங்கள் சிலவே. 1960களின் தொடக்கத்தில் எழுந்த மரபுப் போராட்டத்திலே, சாதாரண மக்களின் பேச்சைச் சிறுகதையிலும் நாவலிலும் கையாண்ட முற்போக்கு எழுத்தாளர்களை நோக்கி வீசப்பட்ட சொல் 'இழிசனர் வழக்கு' என்பதாகும். அப்போராட்டத்தில் வென்றவர் எவர் என்பதை இன்று விளக்க வேண்டியதில்லை. டானியலின் பாத்திரங்கள் தம் வாய்மொழியிலே பேசுவதைக் குறையென்று கூறுவார் இப்போது அரியர். அதற்கு முன்னரே பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பேச்சு வழக்கிலே நாடகங்கள் எழுதி, 1940 இல் 'நானாடகம்' என நூலாக்கியிருந்தார்.

எனினும் அவ்வெற்றி ஓர் எல்லையோடு நின்றுவிட்டது. பேச்சு வழக்குக்குப் பெரிதும் இடம் கிடைத்தது கதைமாந்தர் கூற்றிலேதான். ஆசிரியர் கூற்று பெரும்பாலும் எழுத்துத் தமிழாகவே இருந்தது. மாணவனின் கட்டுரையிலோ கதைமாந்தர் இல்லை. அதில் உள்ளதெல்லாம் ஆசிரியர் கூற்றே. ஆகவே, நாவலில் யதார்த்தம் எனப் போற்றப்படும் அதே வழக்கு, விடைத்தாளிலே வழு எனச் சிவப்பு மையால் அடிக்கப்படுகிறது. நாவலைப் போற்றுபவரும் கோடிடுபவரும் சில வேளைகளில் ஒருவரேயாக இருத்தலும் கூடும்.

புள்ளியின் நேர்மை இந்நாட்டிலே எத்துணைக் கசப்பான வரலாறு உடையது என்பதை 1970களின் தரப்படுத்தலை அறிந்தோர் அறிவர். அன்று எழுந்த கேள்வி சிங்கள மொழிமூலத்துக்கும் தமிழ் மொழிமூலத்துக்கும் இடைப்பட்டது. தமிழ் மொழிமூலம் என்ற ஒரே பெயரின் கீழ் வரும் யாழ்ப்பாணத்தான், மட்டக்களப்பான், மலையகத்தான், முஸ்லிம், தென்னிலங்கையிலே சிங்களச் சூழலில் வளர்ந்தவன் ஆகிய அனைவரும் ஒரே அளவுகோலால் அளக்கப்படுகின்றனரா என்ற கேள்வி அத்துணை வலுவாக எழவில்லை. பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியின் தசமங்களிலே தீர்மானிக்கப்படும் இக்காலத்தில், ஒரு கட்டுரையிலே குறையும் நான்கு புள்ளிகள் அற்பமானவையல்ல.

ஓர் எடுத்துக்காட்டை ஊன்றி நோக்குவோர்க்குச் சிக்கலின் தன்மை புலப்படும். யாழ்ப்பாண மாணவன் ஒருவன் 'தலைவர் நேற்று எமது ஊருக்கு வந்தவர்' என எழுதுகிறான் என்க. வினையாலணையும் பெயரை முற்றுவினையின் இடத்தில் வைப்பது யாழ்ப்பாணப் பேச்சின் இயல்பு. மலையக மாணவியோ முஸ்லிம் மாணவனோ 'என் தந்தை நேற்று வந்தார்கள்' என எழுதுகின்றனர். ஒருவரைப் பன்மையாற் சுட்டி மரியாதை செய்வது அவர்கள் வீட்டுப் பேச்சின் இயல்பு. இரண்டும் பேச்சிலிருந்து எழுத்துக்கு ஏறியவை. ஆனால், யாழ்ப்பாண வழக்கிலே பழகிய பரீட்சகரின் செவிக்கு முதல் வாக்கியம் உறுத்துவதில்லை. உறுத்தாதது கண்ணுக்கும் தப்பிவிடுகிறது. இரண்டாவது வாக்கியத்தின் பக்கத்தில் 'ஒருமை பன்மை மயக்கம்' என்ற குறிப்பு விழுகிறது.

இலக்கணத்தைத் துணைக்கு அழைத்தாலும் இக்கோடு நிற்காது. ஒருவரை உயர்வு கருதிப் பன்மையாற் கூறுவது உலக வழக்கில் உண்டு எனத் தொல்காப்பியர் குறித்துள்ளார். அது இலக்கண நெறியாகாது என்றும் சேர்த்தே கூறியுள்ளார். அவ்விலக்கண நெறியிலேயே நிற்பேன் எனப் பரீட்சகர் பிடிவாதம் பிடிப்பாராயின், 'தந்தை வந்தார்' என்பதையும் அவர் அடித்தல் வேண்டும். 'வந்தார்' என்பதும் பலர்பால் வினைமுற்றே. அதை ஏற்றுக்கொண்டு 'கள்' விகுதிக்கு மட்டும் புள்ளி குறைப்பது இலக்கணம் ஆகாது. தமக்குப் பழகியதைச் செம்மை எனக் கொள்ளும் மனப்பாங்கே அது.

சொற்களின் நிலையும் இதுவே. 'கதைத்தல்' என்ற யாழ்ப்பாண வழக்கு இலங்கையின் எழுத்துத் தமிழிலே தடையின்றி உலவுகிறது. முஸ்லிம்களின் சமையலறையில் வாழும் 'ஆணம்' என்ற பழந்தமிழ்ச் சொல்லுக்கோ, மட்டக்களப்பாரின் 'மறுகா' என்பதற்கோ அந்த உரிமை இல்லை. மட்டக்களப்புப் பேச்சே எழுத்துத் தமிழுக்கு மிக அணுக்கமானது எனக் கமில் சுவெலபில் கருதினார் என்பதை இங்கு நினைவுகூரலாம். தோட்டத்துக் காலையை வருணிக்கும் மாணவி 'பெரட்டு' என்ற சொல்லை எழுதாமல் வேறெதை எழுதுவாள்? தொழிலாளர் வேலைக்கு முன் கூடி நிற்கும் அந்நிகழ்ச்சிக்கு அவளுடைய உலகில் வேறு பெயர் இல்லை.

இவ்வாறு கூறுவதால், எதை எழுதினாலும் சரியென்று விட்டுவிடலாம் என்ற முடிவுக்குச் சிலர் விரைகின்றனர். அது முற்போக்குப் போலத் தோன்றும் ஒருவகை அலட்சியம். பொதுவான எழுத்துத் தமிழ் எவருடைய முதுசொமும் அன்று. அதைக் கற்கும் உரிமை லயத்துப் பிள்ளைக்கும் உண்டு. திருத்தாமல் விடப்படுபவள் நாளை நேர்முகப் பரீட்சையிலும் பத்திரிகைக் காரியாலயத்திலும் அக்குறையோடேயே நிற்பாள். 'மழை'யை 'மளை' என எழுதுவது எவர் எழுதினும் பிழையே. யாழ்ப்பாணப் பேச்சிலும் அவ்வொலிகள் மயங்குவதால் அங்குள்ளவர்க்கும் அதிற் சலுகை இல்லை. ஆனால், அந்த ஒரே மயக்கம் பதினைந்து இடங்களில் வந்தால் பதினைந்து முறை புள்ளி குறைப்பது எவ்வகை நீதி? மாணவன் அறியாதது ஒன்றே. தண்டனையும் ஒருமுறையே தகும்.

திருத்துதல் வேறு, புள்ளி குறைத்தல் வேறு. 'வந்தார்கள்' என்பதன் அருகே 'எழுத்தில் வந்தார் என்பது பெருவழக்கு' என ஒரு வரி எழுதினால் மாணவி கற்றுக்கொள்வாள். வெறுங்கோடு அவளுக்குக் கற்பிப்பது, தன் வீட்டார் பேசுவது தமிழன்று என்பதை மட்டுமே. தமிழ்ப் பாடத்தை விடவும் வரலாறு, புவியியல், பொருளியல் முதலிய பாடங்களிலே இத்தீங்கு மிகுதி. அங்கே மொழிக்கெனத் தனிப்புள்ளி இல்லாவிடினும், பழக்கமற்ற நடையிலே சொல்லப்பட்ட நல்ல வாதம் தெளிவற்ற வாதமெனக் கொள்ளப்படும் அபாயம் உண்டு. குறைந்தது எதற்காக என்பதும் மாணவனுக்குத் தெரியவராது. கருத்துக்கும் ஒழுங்குக்கும் மொழிக்கும் உரிய புள்ளிகளைப் பிரித்து, அப்பிரிப்பை வினாத்தாளிலேயே அச்சிடுதல் இயலாத காரியமன்று.

பரீட்சகர் ஒன்றுகூடி மாதிரி விடைத்தாள்கள் சிலவற்றைப் புள்ளியிட்டு ஒப்புநோக்கும் அமர்வுகளே இதற்கு உகந்த இடம். அவ்வமர்விலே மலையகத்தார் ஒருவரும் கிழக்கு மாகாணத்தார் ஒருவரும் அமர்ந்திருப்பாராயின், 'வந்தார்கள்' என்பதன் மேல் விழும் கோடும் 'வந்தவர்' என்பதன் மேல் விழாத கோடும் முதல் நாட் காலையிலேயே விவாதத்துக்கு வந்துவிடும்.